இக்கரையில் ஓர் ஆவர்பெக்

வழி கேட்பது குற்றமா? ஹென்னஸ் எஸ்ஸரைக் கேட்டால், மியூன்ஸ்டர் பக்கத்துக் கிராமங்களில் அது பெருங்குற்றம் என்பான்.

"ஐயா, ஆவர்பெக் வீடு எங்க இருக்கு?"

ஓஸ்டர்லோ கிராமத்துப் பெட்ரோல் பங்க்கில் காரிலிருந்து தலையை நீட்டி அவன் கேட்டது இவ்வளவுதான். பங்க்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். கொலோன் நம்பர் பிளேட்டைக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தார். அப்புறம் மோவாயை மட்டும் ஓடைப் பக்கம் ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

"பார்த்தீங்களா மேடம்? ஒரு வார்த்தை பேசினா இவங்க சொத்தா கரைஞ்சிடும்? எங்க கொலோன்ல வழி கேட்டா, வழியும் சொல்லி மச்சினிச்சி கல்யாணத்துக்கும் கூப்பிடுவாங்க."

"கூப்பிட்டுட்டு மறந்துடுவீங்க. இவங்க கூப்பிடவே மாட்டாங்க. கூப்பிட்டா மறக்க மாட்டாங்க. பாலத்தைத் தாண்டி ஓட்டு" என்றாள் ரோஸ்விதா காம்ப்மையர்.

மியூன்ஸ்டரில் ஒரு சைக்கிள் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறவள் ரோஸ்விதா. எஸ்ஸர் அவளுடைய உதவியாளன், டிரைவர், தலைவலி எல்லாம். ஜெர்மன் மொழியில் 'எஸ்ஸன்' என்றால் தின்பது; அதனால் எஸ்ஸர் என்ற பேரைக் கேட்டால் சாப்பாட்டு ராமன் என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையில் அது ரைன் நதிப் பக்கம் வண்டி அச்சு செய்தவர்களுக்கு வந்த குடும்பப் பேர். ஆனால் எந்நேரமும் ஒரு கையில் ஸ்டியரிங்கும் மறுகையில் சாசேஜுமாக இருக்கிறவன், அந்தத் தப்பபிப்பிராயத்தைப் போக்க இதுவரை எந்த முயற்சியும் எடுத்ததில்லை.

வழக்கு சின்னது, அவமானம் பெரியது. ஊர்ச் சுடுவோர் சங்கத்தின் வெள்ளி ஆரம் ரெண்டு வாரத்துக்கு முன்னால் காணாமல் போய்விட்டது. கம்பத்தின் உச்சியில் வைத்த மரப்பறவையை யார் சுட்டு வீழ்த்துகிறாரோ அவர்தான் அந்த வருஷ ராஜா. ஒவ்வொரு ராஜாவும் தன் பேர் பொறித்த ஒரு தகட்டை அந்த ஆரத்தில் கோத்துவிட்டுப் போவார். இருநூறு வருஷத்து ராஜாக்கள் அதில் தொங்குகிறார்கள். திருடியது ஆன்டன் ஆவர்பெக் என்று ஒரு சாட்சி சொன்னாராம். ஆன்டன் இல்லவே இல்லை என்று ரோஸ்விதாவைக் கூப்பிட்டிருக்கிறார். இன்றைக்கு மூன்று மணிக்குச் சங்கம் கூடி அவரைத் தள்ளி வைக்கப் போகிறது. நாளை திருவிழா.

பாலத்தைத் தாண்டியதும் ஒரு பெரிய பண்ணை. வைக்கோல் வண்டியே நுழைகிற அகலக் கதவு. அதன் மேல் ஓக் உத்தரத்தில் கொட்டை எழுத்தில் செதுக்கியிருந்தது: ஆவர்பெக், 1794.

"வந்துட்டோம்" என்றான் எஸ்ஸர். உடனே முகம் சுளித்தான். கதவுக்குப் பக்கத்தில் பளபளவென்று ஒரு பித்தளைத் தகடு: டெர்ஹோர்ஸ்ட். தபால் பெட்டியில் டெர்ஹோர்ஸ்ட். டிராக்டரில் டெர்ஹோர்ஸ்ட். பால் கேன்களில், ஏணியில், சக்கர வண்டியில், கடைசியில் நாய்க் கூண்டின் நெற்றியிலும் டெர்ஹோர்ஸ்ட்.

"நாய்க்குமா குடும்பப் பேரு? இந்த வீட்டுக்காரருக்கு மறதி வியாதி போல மேடம். அந்தப் பங்க்காரன் வேணும்னே தப்பா கை காட்டியிருக்கான். கையகூட இல்ல, மோவாயை!"

ரோஸ்விதா நாய்க் கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெயின்ட் இன்னும் மெருகு குறையவில்லை.

மாட்டுக் கொட்டகையிலிருந்து ஐம்பது வயதுக்காரர் ஒருவர் வந்தார். கதவளவு தோள். "டெர்ஹோர்ஸ்ட். சுடுவோர் சங்கத் தலைவர்" என்று கை கொடுத்தார்.

ரோஸ்விதா வந்த விஷயத்தைச் சொன்னாள். அவர் முகம் வெளுத்தது.

"நீங்க தேடற ஆளு ஓடைக்கு அந்தப் பக்கம். கோயிலுக்குப் பின்னாடி சின்ன வீடு. பாவம் அவரு. கூட்டத்தைத் தள்ளிப் போடலாம்னு பார்த்தேன். யாரும் ஒத்துக்கல."

அந்நேரம் பால் லாரி வந்து வாசலில் நின்று ஹாரன் அடித்தது. "ஆவர்பெக்! கேட்டைத் தொறப்பா!" என்று டிரைவர் கத்தினான். டெர்ஹோர்ஸ்ட் பல்லைக் கடித்துக்கொண்டு போய்க் கேட்டைத் திறந்தார்.

"அந்த டிரைவரும் நம்மள மாதிரி அட்ரஸ் தெரியாதவன்தான்" என்று எஸ்ஸர் காரைத் திருப்பினான். நம்ம ஆளுக்குக் கண்ணும் காதும் நன்றாகத்தான் வேலை செய்யும். நடுவில் இருக்கிறதுதான் அடிக்கடி விடுப்பில் போய்விடும்.

ஆன்டன் ஆவர்பெக் ஒல்லியான மனிதர். சமையலறை மேஜை முழுக்க மரச்சீவல். நடுவில் இறக்கை விரித்த மரப்பறவை, பாதி சாயத்தோடு. வருஷா வருஷம் நாலு பேர் சுட்டுச் சிதைப்பதற்காகவே அவர் செதுக்கித் தருகிற பறவை.

"திருட்டுப் பட்டம் கட்டினாலும் பறவையைச் செதுக்கறீங்களே" என்றாள் ரோஸ்விதா.

"பறவை என்ன பண்ணிச்சு?" என்றார் ஆன்டன். உளியைக் கீழே வைத்தார். "ரெண்டு வாரமா ஊர்ல ஒருத்தன் என்கிட்ட பேசல."

"இந்த ஊர்ல அதை எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்றான் எஸ்ஸர்.

ரோஸ்விதா மேஜைக்கடியில் அவன் காலை மிதித்தாள். ஆன்டன் சிரிக்கவில்லை.

"சங்கத்துலேருந்து தள்ளிட்டா இங்க ஒருத்தன் செத்த மாதிரிம்மா. நெஜமா செத்தாலும் கொடி வராது. பெட்டியைத் தூக்க நாலு பேர் வரமாட்டாங்க. என் அப்பாவுக்கு ஊரே வந்துச்சு. எனக்கு என் பொண்டாட்டி ஒருத்திதான் தூக்கணும்." அவர் கண் கலங்கியது. எஸ்ஸர் பாக்கெட்டில் இருந்த சாசேஜை இன்னும் ஆழமாகத் தள்ளிவிட்டான். தின்னத் தோன்றவில்லை.

ரோஸ்விதா ஜன்னல் வழியாக ஓடையைப் பார்த்தாள். "ஆவர்பெக்னா பழைய பேச்சுல 'ஓடைக்கு அக்கரை'ன்னு அர்த்தம். நீங்க இக்கரையில இருக்கீங்களே?"

"என் பாட்டனுக்குப் பாட்டன் அக்கரைப் பண்ணையில பொறந்த கடைக்குட்டி. பண்ணை மூத்தவனுக்குப் போச்சு. இவருக்குப் பேர்தான் மிச்சம். அதைத் தூக்கிக்கிட்டு ஓடையைத் தாண்டி வந்துட்டாரு." ஆன்டன் பெருமூச்சு விட்டார். "பேரையும் அங்கயே போட்டுட்டு வந்திருக்கலாம். நிம்மதியா இருந்திருப்பேன்."

வெளியே வந்ததும் எஸ்ஸர் சொன்னான்: "அக்கரைக்கு இக்கரை பச்சைன்னு வந்திருப்பாரு. இங்க வந்து பார்த்தா அதே ஓடை, அதே கொசு."

ரோஸ்விதா சிரிக்கவில்லை. அவள் சிரிக்காவிட்டால் மூளை வேகமாக ஓடுகிறது என்று பொருள்.

போலீஸ்காரர் ரிக்மெர்ஸ் இந்த ஊருக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. வடக்கே கடற்கரை ஊர்க்காரர். தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு நம்பிக்கையாகப் பேசினார்.

"சாட்சி கச்சிதம். ரொட்டிக் கடை மெக்டில்ட் அம்மா. ஆரம் காணோம்னு தெரிஞ்ச காலையில அவங்க மூட்டுவலி வைத்தியத்துக்கு நார்டர்னை தீவுக்குக் கிளம்பிட்டாங்க. ரயில் நகரும்போது ஜன்னல் வழியா கேட்டேன். 'நேத்து சங்க ஹாலோட பின்வாசல்ல யாரையாவது பார்த்தீங்களா?' 'ஆவர்பெக் ஆன்டன், கையில நீல வெல்வெட் பெட்டி'ன்னாங்க. ரயில் போயிடுச்சு. டெலிபோன் டைரக்டரியைப் பார்த்தேன். ஊருக்கே ஒரே ஒரு ஆன்டன் ஆவர்பெக்."

"அவங்க ஆவர்பெக்ங்கற குடும்பப் பேரை முதல்ல சொன்னாங்களா?" என்றாள் ரோஸ்விதா.

"ஆமா, ஆபீஸ் ஃபைல்ல இருக்கற மாதிரி. ஒழுங்கான பொம்பளைன்னு நெனச்சேன்."

"அவங்க எப்ப திரும்பறாங்க?"

"இன்னிக்கு மத்தியானம் வந்திருப்பாங்க. கேக்கறதுக்கு இன்னும் என்ன இருக்கு?"

"எல்லாமே இருக்கு" என்று எழுந்தாள் ரோஸ்விதா. "நீங்களும் வாங்க."

ரொட்டிக் கடையில் மெக்டில்ட் அம்மாள் வந்ததும் வராததுமாக ஏப்ரன் கட்டிக்கொண்டு நின்றாள். எஸ்ஸர் ஒரு செர்ரி கேக் வாங்கிக்கொண்டு விசாரணையைத் தன் கையில் எடுத்துக்கொண்டான்.

"அம்மா, ஆன்டன் ஆவர்பெக் பெட்டியோட போனதை நீங்க பார்த்தீங்க, இல்லையா?"

"இல்ல."

ரிக்மெர்ஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னம்மா இது! ரயில்ல சொன்னீங்களே!"

"நான் ஆவர்பெக் ஆன்டன்னு சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே!"

"இல்ல."

"சரி, ஆன்டன் ஆவர்பெக்னா யாரு?" என்றாள் ரோஸ்விதா மெதுவாக.

மெக்டில்ட் அம்மாள் கூரையைப் பார்த்து யோசித்தாள். "அப்படி இந்த ஊர்ல யாரும் இல்லையே."

"கோயிலுக்குப் பின்னாடி இருக்காரே! பறவை செதுக்கறவரு!" என்றான் எஸ்ஸர்.

"அது மணிக்காரர் ஆன்டன். எந்தக் காலத்துலயோ அந்த வீட்டுல கோயில் மணியடிக்கறவரு இருந்தாரு. அதுல யார் குடியிருந்தாலும் மணிக்காரர்தான்."

"அவரோட குடும்பப் பேரு ஆவர்பெக்மா."

"அப்படியா?" என்றாள் மெக்டில்ட் அம்மாள். ஆச்சரியம்கூடப் படவில்லை. "முப்பது வருஷமா ரொட்டி வாங்கறாரு. சொன்னதே இல்ல."

"அப்ப நீங்க பார்த்த ஆவர்பெக் ஆன்டன்?"

"ஆவர்பெக்ல இருக்கற ஆன்டன். வேற யாரு? பாலத்துக்கு அந்தப் பக்கம்."

எஸ்ஸரின் வாய்க்குப் போன கேக் பாதி வழியில் நின்றது. நாய்க் கூண்டு, பால் லாரி, பங்க்காரரின் மோவாய் எல்லாம் ஒரே நேரத்தில் அவன் மண்டையில் வந்து இறங்கின. பாவம் பங்க்காரர்! வழி சரியாகத்தான் காட்டியிருக்கிறார்.

"தலைவர் டெர்ஹோர்ஸ்ட்டா! அவரு பேரும் ஆன்டனா?"

"டிராக்டர்ல என்ன வேணா எழுதிக்கட்டும்" என்றாள் மெக்டில்ட் அம்மாள். "ஆவர்பெக் வீட்டுப் பொண்ணைக் கட்டிக்கிட்டு வந்த வீட்டோட மாப்பிள்ளை. எங்க பக்கம் பேரு ஆளுக்கு இல்ல, பண்ணைக்கு. உள்ள வந்தவன் அந்தப் பேரைப் போட்டுக்கணும். அந்தக் காலத்துல கோயில்லயே மாத்தி எழுதிடுவாங்க. இப்ப சர்க்கார் விடறதில்ல, நாங்க விடறோம்."

ரிக்மெர்ஸ் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "பழி ஓரிடம், பாவம் ஓரிடமா! இதை என்கிட்ட யாராவது சொல்லக் கூடாதா?"

"நீங்க கேக்கலையே" என்றாள் மெக்டில்ட் அம்மாள்.

"ஆனா மேடம், அவ்வளவு பெரிய பண்ணைக்காரருக்கு ஒரு பழைய வெள்ளி எதுக்கு?" என்றான் எஸ்ஸர்.

ரோஸ்விதா கடைக்காரியிடம் திரும்பினாள். "போன வருஷ ராஜா யாரு?"

"ஆவர்பெக்."

"தகட்டுல என்ன பொறிச்சாங்க?"

"ஆவர்பெக்னுதான். துணைத் தலைவர் டவுனுக்குப் போன் பண்ணி ஆர்டர் கொடுத்தாரு. கழுத்துல போட்டப்ப அந்த மனுஷன் முகம் திரிஞ்ச பால் மாதிரி ஆச்சு. சந்தோஷத்துலன்னு நெனச்சோம்."

"வெள்ளிக்காகத் திருடறவன் உருக்கறவன்கிட்ட போவான்" என்றாள் ரோஸ்விதா. "எழுத்துக்காகத் திருடறவன் எழுதறவன்கிட்டதான் போவான். நாய்க் கூண்டு வரைக்கும் பேர் எழுதினவருக்கு, எழுத முடியாம இருந்த இடம் ஒண்ணே ஒண்ணு. உங்க போன் எங்கம்மா?"

டவுன் வெள்ளி வேலைக்காரர் போனை எடுத்தார். ஆமாம், ஆரம் இங்கேதான் இருக்கிறது. ஒரு தகட்டில் பேரை மாற்றச் சொன்னார்கள். போன வாரமே தயார், கொடுத்தவர்தான் வரவே இல்லை. ரிக்மெர்ஸ் தொப்பியைக்கூட மறந்து ஜீப்புக்கு ஓடினார்.

மணி மூன்றைத் தாண்டியிருந்தது. ஹால் முழுக்கப் பச்சைக் கோட்டுகள், பீர் வாசனை, பேச்சில்லாத பெரிய மனிதர்கள். ஆன்டன் ஒரு மேஜையில் தனியாக, தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி நாற்காலிகள் காலி. மேடையில் டெர்ஹோர்ஸ்ட் நின்று தீர்மானத்தைப் படிக்க முயன்றார். "ஆன்டன்..." என்றதும் நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். "ஆன்டன்..." மறுபடியும் நின்றுவிட்டார்.

கதவருகே நின்ற ரோஸ்விதா பலமாகக் கூப்பிட்டாள். "ஆவர்பெக்!"

ஹாலில் இருந்த அத்தனை தலைகளும் மேடைப் பக்கம் திரும்பின.

"என்ன?" என்றார் டெர்ஹோர்ஸ்ட்.

தனி மேஜையில் இருந்த ஆன்டன் ஆவர்பெக் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"இதுதான் மொத்த வழக்கும்" என்றாள் ரோஸ்விதா. "மெக்டில்ட் அம்மா பார்த்தது ஆவர்பெக் ஆன்டனை. போலீஸ் பிடிச்சது ஆன்டன் ஆவர்பெக்கை."

"ஒருத்தருக்குப் பேர் சொந்தம், இன்னொருத்தருக்கு வாடகை" என்றான் எஸ்ஸர். "எடுத்தது வாடகைக்காரர், மாட்டிக்கிட்டது சொந்தக்காரர்."

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் மேடையைப் பார்த்தார்கள். டெர்ஹோர்ஸ்ட் தீர்மானக் காகிதத்தை மடித்துப் பாக்கெட்டில் வைத்தார்.

"நான் திருடல" என்றார். குரல் சின்னப் பையன் குரல் மாதிரி இருந்தது. "ராஜா ஆனதும் ஆரத்தை என் அப்பாகிட்ட கொண்டு போய்க் காட்டினேன். அவருக்குக் கண்ணு போயிடுச்சு. விரலால தடவித்தான் படிப்பாரு. என் தகட்டைத் தடவினாரு. மறுபடி தடவினாரு. 'நல்லாத்தான் பொறிச்சிருக்கான். யாருப்பா இது?'ன்னு கேட்டாரு."

அவர் மூக்கை உறிஞ்சினார். "இருபத்தாறு வருஷமா நான் எதுவும் கேட்டதில்ல. ஆவர்பெக்னா திரும்பினேன். அந்த ஒரு தகட்டுல மட்டும் எங்க அப்பன் பேரு வேணும்னு நெனச்சேன். வாய்விட்டுக் கேட்டா சிரிப்பீங்க. மாத்தி, சத்தமில்லாம திருப்பி வெச்சிடலாம்னு எடுத்துட்டுப் போனேன். மறுநாளே காணோம்னு தெரிஞ்சுபோச்சு."

ஆன்டன் எழுந்து மேடைக்குப் போனார். "எனக்கு ஏன்டா இந்தக் கதி? நான் இல்லன்னு உனக்குத் தெரியும். உனக்கு மட்டும்தான் தெரியும்!"

"தெரியும்." டெர்ஹோர்ஸ்ட் தலை குனிந்தார். "போலீஸ்காரர் வந்து மணிக்காரர் வீட்டைக் காட்டி ஆவர்பெக்னு சொன்னப்போ, ஊரே முதல் தடவையா வேற பக்கம் திரும்பிச்சு. அன்னிக்கு ஒரு நாள், வெட்கத்தை விட்டுச் சொல்றேன், எனக்கு சுகமா இருந்துச்சு. அடுத்த நாளே சொல்லியிருக்கணும். வாய் வரல." அவர் சபையைப் பார்த்து நிமிர்ந்தார். "எழுதிக்குங்க. தள்ளி வைக்க வேண்டியது ஆவர்பெக் ஆன்டனை. அது நான்தான்."

ஓஸ்டர்லோவில் அமைதிக்குப் பஞ்சமில்லை, ஆனால் இப்படி ஓர் அமைதியை எஸ்ஸர் கேட்டதில்லை. அதை உடைத்துக்கொண்டு தொப்பியில்லாத ரிக்மெர்ஸ் நீல வெல்வெட் பெட்டியோடு ஓடி வந்தார். ரோஸ்விதா ஆரத்தைத் தூக்கிப் பிடித்தாள். புதுத் தகடு பளிச்சென்று இருந்தது: ஆன்டன் டெர்ஹோர்ஸ்ட்.

அவள் அதை விட்டுவிட்டு, கறுத்துப்போய் மேலே தொங்கிய பழைய தகட்டைத் துடைத்துப் படித்தாள். "ஜோன் ஓஸ்ட்ஹோல்ட், ஆவர்பெக் எனப்பட்டவர், 1809." ஆன்டனைப் பார்த்தாள். "இவருதான் அந்தப் பண்ணையோட அப்போதைய எஜமானர். வருஷத்தைப் பார்த்தா, உங்க கடைக்குட்டிப் பாட்டனோட அப்பாவா இருக்கணும். இவரும் வீட்டோட மாப்பிள்ளைதான். நீங்க ஓடையைத் தாண்டித் தூக்கிட்டு வந்த பேரும் கட்டிக்கிட்ட வீட்டுப் பேர்தான். அந்தப் பேரோட பொறந்தது அந்தக் கதவு உத்தரம் மட்டும்தான்."

ஆன்டன் தகட்டை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் டெர்ஹோர்ஸ்ட்டை.

"ரெண்டு வாரம்" என்றார். "ரெண்டு வாரம் என் பொண்டாட்டி கடைக்குப் போகல."

"மன்னிச்சிடு" என்றார் டெர்ஹோர்ஸ்ட்.

"அது மெதுவா வரும்." ஆன்டன் ஆரத்தைப் பெட்டியில் வைத்தார். "தள்ளி வைக்கறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அதை நான் யாருக்கும் செய்ய மாட்டேன். ஆனா இந்த வருஷப் பறவையை நீ தோள்ல சுமக்கற. என் வீட்டு வாசல்லேருந்து ஊரைச் சுத்தி மைதானம் வரைக்கும், எல்லாரும் பார்க்க. ஓக் மரம். வேணும்னே கனமாத்தான் செதுக்கியிருக்கேன்."

பச்சைக் கோட்டுகளிலிருந்து ம் என்று ஓர் உறுமல் எழுந்தது. எஸ்ஸர் ரோஸ்விதாவைப் பார்த்தான். "இது சம்மதமா மேடம், வயித்து வலியா?"

"இந்த ஊர்ல இது கைத்தட்டல்."

கூட்டம் கலைந்தது. ஒருத்தர் ஆன்டனின் தோளைத் தட்டினார். இன்னொருத்தர் அவருக்கு ஒரு பீர் நீட்டினார். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. டெர்ஹோர்ஸ்ட் மட்டும் யாரையும் பார்க்காமல் வாசலை நோக்கி நடந்தார்.

ஆன்டன் பீரைக் கீழே வைத்தார். ஏதோ முடிவுக்கு வந்தவர் போல முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"டெர்ஹோர்ஸ்ட்!"

ஹால் திகைத்துப் போனது. இருபத்தாறு வருஷத்தில் அந்தப் பேரை அந்த ஊரில் யாரும் வாய்விட்டுக் கூப்பிட்டதில்லை. டெர்ஹோர்ஸ்ட் நடந்துகொண்டே இருந்தார்.

"டெர்ஹோர்ஸ்ட்! காலையில எட்டு மணிக்கு வந்துடு!"

அவர் திரும்பவில்லை. கோபமில்லை, வீம்புமில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று கதவில் கை வைத்தார்.

எஸ்ஸருக்குச் சிரிப்பு வந்தது, பாதியிலேயே நின்றுவிட்டது. ஆன்டன் கொஞ்ச நேரம் அந்த அகன்ற முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆவர்பெக்!" என்றார் கடைசியில்.

அவர் திரும்பினார்.